தந்திக்குக் கீழே ஒரு காந்தம்

தெல்தெனியவுக்கு அருகே மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா அணைக்கட்டின் உயரம் 122 மீற்றர். 1985 இல் திறந்துவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் மின்நிலையத்தில் தலா 70 மெகாவாற்று வலுவுள்ள மூன்று மின்பிறப்பாக்கிகள் இருக்கின்றன. தண்ணீர் சுழலியைத் தள்ள, சுழலியோடு சேர்ந்து பெரிய மின்காந்தங்கள் சுழல்கின்றன. சுற்றிலும் இருக்கும் செப்புச் சுருள்களில் மின் பிறக்கிறது. அங்கேயும், பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் தண்ணீரில் ஓடும் உக்குவளை நிலையத்திலும், நாட்டின் மற்ற எல்லா நிலையங்களிலும் பிறக்கும் மின்சாரம் ஒரே கதியில்தான் துடிக்கிறது: செக்கனுக்கு 50 சுற்று.

கண்டி, கட்டுக்கலையில் ஒரு மாடி அறையில் ஒரு பிள்ளை மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை அம்ப்ளிஃபயரில் செருகினால், தந்தியில் விரல் படுவதற்கு முன்பே “ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல் எழும். அந்த 50 ஹேட்ஸ்தான் அது. அதன் இரட்டிப்பான 100 ஹேட்ஸும் மேலே கலந்திருக்கும். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இல்லை. கிட்டாரின் பிக்கப்பும் ஒரு செப்புச் சுருள். சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறினால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831 இல் மைக்கேல் பரடே கண்ட விதிக்கு அணைக்கட்டும் ஒன்றுதான், கிட்டாரும் ஒன்றுதான். விக்டோரியாவில் பாயத்தை மாற்றுவது மகாவலி. கிட்டாரில் மாற்றவேண்டியது தந்தி. அறையின் மின்கம்பிகளும் நிலைமாற்றிகளும் பரப்பும் பாயத்தைச் சுருள் கூடவே பிடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கையிலிருக்கும் கொஞ்சக் காசுக்கு எந்தக் கிட்டாரை வாங்குவது, வாங்கியதை எப்படித் தேற்றுவது என்பவை இந்த அத்தியாயத்தின் கேள்விகள். இரண்டுக்கும் விடை இந்தச் சுருளுக்குள்தான் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையில் கழுத்துக்குக் காசு கொடுங்கள், சத்தத்தைப் பிறகு வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஏன் என்பதைத்தான் மீதிப் பக்கங்கள் சொல்கின்றன.

பிக்கப்பின் வேலை எளிது. தந்திகளுக்குக் கீழே நிலைக்காந்தம். அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே இருக்கும் உருக்குத் தந்தியைக் காந்தம் தானும் சிறிது காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளினூடான பாயம் கூடிக் குறைகிறது. கூடிக் குறையும் பாயம் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவிலான சமிக்ஞையாக வெளியே வருகிறது. தடித்த ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 82.4 ஹேட்ஸ். அந்தக் கதியில் தந்தி ஆட, அதே கதியில் மின்னழுத்தமும் ஆடுகிறது. நைலோன் தந்தி போட்ட கிட்டாருக்குக் கீழே இதே பிக்கப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது, நைலோனுக்குக் காந்தம் தெரியாது என்பதால். ஒழுங்காகச் செய்த பிக்கப்பின் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடினாலும் கேட்காது. அது ஒலிவாங்கி அல்ல. காற்றின் அதிர்வு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மலிவான கிட்டாரை வாங்க வருகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒலிப்பெட்டியுள்ள சாதாரண கிட்டாரில் மரம்தான் குரல். எலெக்ட்ரிக் கிட்டாரிலோ தந்தியின் அதிர்வை மரம் ஓரளவு தொட்டுப்பார்க்கிறது. குரலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காந்தம், கம்பி, அவற்றின் இடம், அவற்றுக்குப் பிறகு வரும் அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். மலிவுக் கிட்டார்களின் உடல் பொப்லர், பாஸ்வுட் போன்ற மரங்களில் வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விரற்பலகைக்கு உலகம் தேடியலைந்த மரம் இலங்கையின் கருங்காலி. இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம். அது கிடைக்கவில்லையே என்றும் வருந்த வேண்டாம்.

காந்தமும் சுருளும் கொண்ட முதல் வெற்றிகரமான எலெக்ட்ரிக் கிட்டாரை 1931 – 32 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம்ப், அடொல்ப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து உருவாக்கினார். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ‘பொரிக்கும் தட்டு’ என்று அதற்குப் பெயர். காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 இல் வந்தது. இன்று நம் கடைகளில் தொங்கும் மலிவுக் கிட்டார்களில் பெரும்பகுதி அதன் சாயல்தான். நம் பக்கம் 1960களின் நடுவில், ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் மூலம் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையைத் தூக்கி நிறுத்தியது அதையொட்டிய காலத்தில்தான். மலையகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் ‘சுராங்கனி’ப் பாட்டைப் பற்றி விளக்கவேண்டியதில்லை.

ஆனால் இந்த அத்தியாயத்துக்கு மிகவும் பொருந்தும் கதை ஒரு லண்டன் பையனுடையது. 1963 இல் பிரயன் மே என்ற பதினாறு வயது மாணவனுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல் ஆசை. வீட்டில் அவ்வளவு காசில்லை. மின்னணுத் துறையில் வேலை பார்த்த தந்தை ஹரோல்டும் மகனும் சேர்ந்து கிட்டாரைத் தாங்களே செய்ய இறங்கினார்கள். பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹோகனிச் சட்டம் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் தந்தியை இழுத்துவிடும் நெம்புகோலுக்குப் போயின. பிக்கப்பையும் பையன் தானே சுற்றினான். அது வேலை செய்தது. ஆனால் விரலால் தந்தியைப் பக்கவாட்டில் வளைக்கும்போது வேண்டாத ஓர் ஓசையும் சேர்ந்து வந்தது. காந்த முனைகள் அமைந்திருந்த விதமே காரணம். அப்போதுதான் கடையில் பேர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கி மாற்றினான். பின்னர் குவீன் இசைக்குழுவின் பாட்டுகளில் உலகம் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான். 2007 இல் அவர் வானியற்பௌதிகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அந்த வீட்டில் மரவேலைக்குப் பொறுமை இருந்தது. பிக்கப்பை மட்டும் விலைக்கு வாங்கினார்கள். நமக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. கழுத்துச் செதுக்க நமக்குத் தெரியாது. பிக்கப்பை மாற்ற எவரும் கற்றுக்கொள்ளலாம்.

இனி ஒரு மலிவு ஸ்ட்ராட் சாயல் கிட்டாரைத் திறப்போம். தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். முகத்தில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் தகட்டைப் பத்துப் பதினொரு சிறு திருகாணிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துத் தகட்டை மெதுவாகப் புரட்டினால் மூன்று பிக்கப்புகளும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த முதுகை நன்றாகப் பாருங்கள். ஆறு சிறிய உலோக வட்டங்கள் மட்டும் தெரிந்தால், அந்த ஆறு தண்டுகளுமே காந்தங்கள், அநேகமாக அல்னிக்கோ. வட்டங்களுக்குக் குறுக்கே கரிய, சொரசொரப்பான ஒரு செங்கட்டித் துண்டு ஒட்டப்பட்டிருந்தால் அது சிரமிக் காந்தம். மேலே தெரியும் ஆறு தண்டுகளும் வெறும் உருக்கு, கீழுள்ள காந்தத்தைத் தந்திவரை கடத்துபவை.

அல்னிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ற்று மூன்றும் இரும்போடு சேர்ந்த கலப்புலோகம். 1931 இல் ஜப்பானின் தொகுஷிச்சி மிஷிமா கண்டுபிடித்த உருக்கு அதன் மூதாதை. சிரமிக் காந்தம் இரும்பு ஒட்சைட்டோடு பேரியம் அல்லது ஸ்ட்ரோன்சியம் சேர்த்துச் சுட்டெடுப்பது. மலிவு, வலிமையும் உண்டு. ‘சிரமிக் என்றால் மட்டம்’ என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. மாற்றுப் பிக்கப் என்ற வியாபாரத்தையே தொடக்கிவைத்த டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டோர்ஷன், 1972 இல் வந்தது, சிரமிக் காந்தத்தில்தான் ஓடுகிறது. மலிவுப் பிக்கப்பில் வித்தியாசம் வருவது காந்தத்தின் பெயரால் அல்ல. உருக்குத் தண்டுகள் சுருளின் தூண்டற்றிறனை ஏற்றிவிடுகின்றன, அவற்றுக்குள் சுழலும் சுழிப்போட்டங்கள் உயர்ந்த சுரங்களை விழுங்குகின்றன. காதுக்கு அது ‘மூடினாற்போல’ கேட்கும்.

சுருளுக்கு வருவோம். வழக்கமான கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தலைமயிர். ஸ்ட்ராட் வகைப் பிக்கப் ஒன்றில் அது சுமார் 8,000 சுற்று ஓடுகிறது. தடை 6,000 ஓம் அளவில் இருக்கும். இந்தக் கம்பி மீற்றருக்கு 5.4 ஓம் தடை காட்டும் என்பதால் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம்: 1.1 கிலோமீற்றர். ஒரு கிட்டாரிலுள்ள மூன்று பிக்கப்புகளின் கம்பியையும் பிரித்து நீட்டினால் கண்டி வாவியைச் சுற்றி ஒரு நடை போய்வரலாம். வாவிக் கரையின் சுற்றளவும் மூன்று கிலோமீற்றரைச் சற்றே தாண்டியதுதான்.

எட்டாயிரம் சுற்றுள்ள சுருள் வெறும் தடை அல்ல. அதற்குத் தூண்டற்றிறன் உண்டு. ஸ்ட்ராட் வகைக்கு 2.2 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர் ஒரு கொள்ளளவிபோல நடந்துகொள்கிறது. மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவில். தூண்டியும் கொள்ளளவியும் சேர்ந்தால் பரிவு வரும் என்பது உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து மீற்றர் வயரும் சுருளின் சொந்தக் கொள்ளளவமும் சேர்ந்து 600 பிக்கோபரட் என்றால் பரிவு மீடிறன் ஏறத்தாழ 4,400 ஹேட்ஸ். அந்த இடத்தில் பிக்கப் தந்தியின் மேற்றொனிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. அதற்கு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹேட்ஸ் வரைதான். ஆகவே அந்த மேடு எங்கே நிற்கிறது என்பதையே நாம் ‘பிக்கப்பின் குரல்’ என்று கேட்கிறோம்.

வயரை மூன்று மீற்றராகக் குறையுங்கள். மேடு 5,400 ஹேட்ஸுக்கு ஏறிவிடும். சத்தம் பளிச்சென்று திறக்கும். அம்ப்ளிஃபயரோடு இலவசமாக வந்த மெல்லிய வயரை வைத்துக்கொண்டு பிக்கப்பைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இதைச் செய்துபார்க்க வேண்டும். மறுபக்கம், இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றின் தூண்டற்றிறன் 4.5 ஹென்றி என்றால் அதே ஐந்து மீற்றர் வயரில் மேடு 3,100 ஹேட்ஸுக்கு இறங்குகிறது. ‘ஹை அவுட்புட்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் 8 ஹென்றிப் பிக்கப்பில் 2,300. சுற்றுகளைக் கூட்டினால் சமிக்ஞை பெரிதாகும், ஆனால் உயர்ந்த சுரங்கள் போய்விடும். இரண்டையும் ஒருசேரக் கேட்பவருக்கு இயற்கை இடம் கொடுப்பதில்லை. பெட்டியிலிருக்கும் ஓம் எண்ணை மட்டும் பார்த்து, ‘பெரிய எண், பெரிய பிக்கப்’ என்று வாங்குவது அதனால்தான் தவறு.

வொலியூம் பொட்டுக்கும் இதில் பங்குண்டு. அது சுருளுக்குக் குறுக்கே நிற்கும் தடை. மேட்டின் உயரத்தை அதுதான் அடக்குகிறது. ஒற்றைச் சுருளுக்கு 2,50,000 ஓம், இரட்டைச் சுருளுக்கு 5,00,000 ஓம் என்பது வழக்கம். மலிவுக் கிட்டாரில் கைக்கு அகப்பட்டதைப் போட்டிருப்பார்கள். மந்தமாகக் கேட்கும் இரட்டைச் சுருளுக்கு 5,00,000 ஓம் பொட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். புதுப் பிக்கப் வாங்கும் ஆசை பாதி அடங்கிவிடும். விலையோ பிக்கப்போடு ஒப்பிடும் அளவில்கூட இல்லை.

பிக்கப்பின் இடத்தை மட்டும் எவராலும் மாற்ற முடியாது. ஸ்ட்ராட் வகையின் தந்தி நீளம் 648 மில்லிமீற்றர். கழுத்தோரப் பிக்கப், பாலத்திலிருந்து 162 மில்லிமீற்றர் அளவில், அதாவது சரியாகக் கால் பங்கு நீளத்தில் நிற்கிறது. திறந்த தந்தியின் நான்காம் இசையத்துக்கு அங்கே கணு. தந்தி அந்த இடத்தில் ஆடுவதேயில்லை. எட்டாவதற்கும் அப்படியே. அந்தச் சுரங்களைப் பிக்கப் கேட்காததால்தான் கழுத்தோரச் சத்தம் உருண்டையாக வருகிறது. பாலத்தோரம் உயர் இசையங்கள் நிறைந்து கூராக இருக்கும். எவ்வளவு விலைகொடுத்துப் பிக்கப் வாங்கினாலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கும்.

இரைச்சலைத் தீர்க்க வழி கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். 1955 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 இல் பிக்கப் கிட்டார்களில் ஏறியது. 1959 இல் உரிமை கிடைத்தது. இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிர்த்திசையில் இணைத்தார். காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். அறையிலிருந்து வரும் 50 ஹேட்ஸ் இரண்டு சுருளிலும் சமமாக விழுந்து, எதிரெதிராக நின்று, ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் சமிக்ஞை காந்தத்தால் ஒருமுறை, சுற்றால் ஒருமுறை என்று இருமுறை திரும்புவதால் ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் என்று இன்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். என் கணிப்பில், கிட்டார் தொழிலில் நடந்த மிக அழகான பௌதிகவியல் இது.

கடையில் இதைச் சோதிக்கலாம். மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரில் ஐந்து நிலைச் சுவிட்சை இரண்டாம், நான்காம் நிலைகளுக்குத் தள்ளுங்கள். நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமுமாகச் செய்யப்பட்டிருந்தால் இரைச்சல் சட்டென்று அமுங்கும். செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். வீட்டில் செப்புத் தாள் ஒட்டி இரைச்சலைக் குறைக்கலாம் என்பார்கள். உண்மை, ஓரளவுக்கு. செப்புத் தாள் மின்புலத்தால் வரும் இரைச்சலை மறிக்கும். 50 ஹேட்ஸ் காந்தப்புலம் அதை ஊடுருவிப் போய்விடும். தாள் ஒட்டிய பிறகும் கொஞ்சம் இரைந்தால் உங்கள் வேலையில் பிழை இல்லை. கிட்டாரோடு சற்றுத் திரும்பி உட்காருங்கள், சார்ஜரைத் தள்ளி வையுங்கள். அதுவே பாதி மருந்து.

சரி, வாங்கப் போவோம். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானது. இறக்குமதிச் சாமானான கிட்டாரின் விலை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 200 டொலர் அளவில் விற்கும் ஒரு கிட்டாருக்கு அங்கேயே நூறு டொலர் பிக்கப் இரண்டு போட்டால் கிட்டாரின் விலை முழுதும் திரும்பவும் செலவாகிவிடும். இந்தக் கணக்குக் கண்டியில் இன்னும் கடுமை. ஸ்குயர், எபிஃபோன், யமஹா பசிஃபிக்கா, ஐபனெஸ் ஜியோ, கோர்ட் என்று பல பெயர்கள் இந்த விலைத் தட்டில் உண்டு. ஸ்குயர் ஃபெண்டருடைய, எபிஃபோன் கிப்சனுடைய மலிவுப் பெயர்கள். எதுவும் மோசமில்லை. பசிஃபிக்கா 112வி போன்றவற்றில் அல்னிக்கோ பிக்கப்பே வருகிறது. அதை வாங்குகிறவர் பல வருடம் பிக்கப் மாற்றத் தேவையில்லை. கையிருப்பு இன்னும் குறைவென்றால் பழைய கிட்டார் வாங்குங்கள். தயங்க வேண்டாம்.

பெயரைவிட, உங்கள் கையிலிருக்கும் அந்த ஒன்றைப் பாருங்கள். தலையிலிருந்து பாலம் நோக்கி ஒற்றைக் கண்ணால் கழுத்தைப் பாருங்கள். திருகல் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். திருகலுக்கு மருந்தில்லை. முதலாம் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஆறாம் தந்தியை ஒருசேர அழுத்தி, எட்டாம் ஃப்ரெட்டின் மேலே இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீற்றர், ஒரு விசிட்டிங் கார்ட்டின் தடிப்பு அளவு, இருந்தால் நல்லது. கூடினாலும் குறைந்தாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கோலை அலன் சாவியால் திருத்தலாம். ஆனால் கடையிலேயே திருத்திக் காட்டச் சொல்லுங்கள், கோல் இறுகிப்போயிருக்கலாம். 0.010 அங்குலத்தில் தொடங்கும் தந்திக் கட்டு ஆறும் சேர்ந்து 47 கிலோ எடையின் பலத்தில் இந்தக் கழுத்தை இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை மீட்டுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். எங்காவது தந்தி ‘ஸ்ர்ர்’ என்று உராய்ந்தால், அல்லது சுரம் செத்து விழுந்தால், “ஸ்ட்ரிங் பழசு தம்பி, மாத்தினா சரியாகிரும்” என்று கடைக்கார நானா சொல்லக்கூடும். “அப்ப மாத்திக் காட்டுங்க நானா” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரேயொரு ஃப்ரெட்டில் மட்டும் உராய்ந்தால் அது தந்தியின் குற்றமல்ல, அந்த ஃப்ரெட் தாழ்ந்திருக்கிறது அல்லது அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை மெல்ல வைத்து எழும் இசையமும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறு வேறுபாடு பாலத்துத் திருகாணியில் சரியாகும்.

கண்டியில் வாங்கும் கிட்டாருக்கு இன்னொரு பரீட்சை மழை. ஒக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும்; ஜனவரி முதல் மார்ச் வரை காயும். மரம் நார்வாக்கில் அதிகம் மாறாது, குறுக்கே ஊதிச் சுருங்கும். காய்ச்சலில் விரற்பலகை சுருங்க, ஃப்ரெட்டின் உலோக முனைகள் கழுத்தோரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். கழுத்தோரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். பழைய கிட்டாரில் இது உடனே தெரிந்துவிடும். நுண்ணிய அரத்தால் தேய்த்துவிடலாம். மழைக்காலத்தின் வேலை வேறு: சுவிட்சிலும் பொட்டிலும் ஒட்சைட்டுப் படிந்து ‘கரகர’ என்னும், தந்தி துருப்பிடிக்கும், கவனிப்பில்லாத பிக்கப்பில் அந்த மயிர்க் கம்பி பச்சை பூத்து அறுந்துபோகும். மல்ட்டிமீற்றர் கையில் இருந்தால் வயரின் முனையில் வைத்துத் தடையை அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. பொட்டின் முழுத்தடையான லட்சங்கள் காட்டினால் அந்தப் பிக்கப் அறுந்துவிட்டது. விலையைப் பேசிக் குறைக்கலாம். ஹந்தானைப் பக்கம் ஈரம் ஏறும் வெளிச்சுவரில் கிட்டாரைத் தொங்கவிடாதீர்கள். உட்சுவர், அல்லது பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள்.

வாங்கியாயிற்று. உடனே பிக்கப் வாங்க ஓடாதீர்கள். முதலில் புதுத் தந்தி. அடுத்தது, காசு செலவில்லாத ஒரு திருத்தம்: பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் காந்த முனைக்கும் இடையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் விடுங்கள், தடித்த தந்திப் பக்கம் சற்றுத் தாழ்வாக. சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பை மேலே மேலே ஏற்றினால் காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கத் தொடங்கும். சுரம் தள்ளாடும், நீளமாக நிற்காது. அரைத் திருப்பு இறக்கியதும் குரல் திறந்துகொள்வதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். அடுத்தது பொட், சுவிட்ச், வயர் செருகும் ஜாக். அதற்கும் அடுத்தது, மனவருத்தத்தோடு சொல்கிறேன், அம்ப்ளிஃபயர். ஆறு அங்குல ஸ்பீக்கருள்ள சிறு பயிற்சிப் பெட்டியில் நூறு டொலர் பிக்கப்பின் வித்தியாசம் பெரும்பகுதி காணாமல் போகும். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹேட்ஸுக்கு மேலே வேகமாகச் சரிந்துவிடுபவை. பெட்டியும் சிறிதானால் கீழ்ச்சுரமும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு குறை இருந்தால் பிக்கப்பை மாற்றுங்கள். மூன்றையும் ஒரேநாளில் அல்ல. பாலத்தோரப் பிக்கப்பிலிருந்து தொடங்குங்கள். மலிவுக் கிட்டாரில் மிகவும் மெலிந்து கேட்பது அதுதான். உங்கள் குறை இரைச்சலென்றால், ஒற்றைச் சுருளின் குழிக்குள்ளேயே அடங்கும் சிறிய ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. மரத்தைக் குடைய வேண்டாம். சத்தமாக வைத்தால் கீச்சிடுகிறதென்றால் மாற்றவே தேவையில்லாமலும் இருக்கலாம். சுருளின் கம்பிகள் தளர்ந்து தாமே அதிர்வதால் வரும் கீச்சு அது. பரபின் மெழுகில் ஐந்திலொரு பங்கு தேன்மெழுகு கலந்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து 65 பாகையளவில் உருக்கி, பிக்கப்பை அதில் ஊறவிடுவார்கள். நேரடி நெருப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள், மெழுகு பற்றிக்கொள்ளும்.

பற்றாசு வேலைக்கு 40 வாற்று இரும்பு போதும். வழக்கமான ஈய – வெள்ளீயப் பற்றாசு 183 முதல் 190 பாகைக்குள் உருகும். பொட்டின் முதுகு சூட்டை உறிஞ்சும் உலோகம். முதலில் அதைச் சுரண்டிச் சூடாக்கி, பற்றாசு தானாகப் படர்ந்த பிறகே கம்பியை வையுங்கள். பழைய இணைப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டே கழற்ற வேண்டும். புதுப் பிக்கப்பைப் பற்றவைக்கும் முன் மல்ட்டிமீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து, ஸ்குரூட்ரைவர் நுனியைக் காந்த முனையில் வைத்துச் சட்டென்று எடுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றப் பிக்கப்புகளிலும் அதே குறி வர வேண்டும். மாறி வந்தால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது சத்தம் மெலிந்து மூக்கால் பாடும். புதியதன் இரு முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் சரி. உலோக மூடியுள்ள பிக்கப்பில் மூடியின் நிலவயர் தனியாக இருந்தால் மட்டும் அப்படி மாற்றலாம்.

உள்ளே ஒரு கம்பி பொட்டின் முதுகிலிருந்து மரத்துக்குள் மறைந்து பாலத்துக்குப் போகும். அதை வெட்டிவிடாதீர்கள். தந்திகளை நிலத்தோடு இணைப்பது அதுதான். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது அதனால்தான். ஆனால் அம்ப்ளிஃபயரின் நிலவயர் அறுந்திருந்தால், அல்லது ஒலிபெருக்கி வேறொரு சுற்றிலிருந்து ஓடினால், கையில் தந்தியும் உதட்டில் ஒலிவாங்கியுமாக நிற்பவரின் உடலே 230 வோல்ற்றுக்கு வழியாகிவிடும். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே அப்படித்தான் இறந்தார். கோயில் திருவிழாவிலும் பாடசாலை மேடையிலும் அவசரத்துக்கு இழுக்கும் வயர்களைப் பார்க்கிறேன். ஈரத் தரை, இரண்டு முள்ளில் திணித்த மூன்று முள் செருகி. பிள்ளைகளைக் கிட்டார் வாசிக்க அனுப்பும் பெற்றோருக்கும், மேடை போடும் அண்ணன்மாருக்கும் என் வேண்டுகோள் இது: அம்ப்ளிஃபயரை நிலவயருள்ள மூன்று முள் செருகியில் மட்டும் கொடுங்கள், கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்சுற்றிலிருந்து எடுங்கள், வாசிப்பதற்கு முன் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லையென்றால் அன்றைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டாம்.